ஸ்வாப் எவ்வளவு வேண்டும், மாப்பிள்ளை?

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஆசியுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் எங்கள் பெரியவளும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் அத்தை சுகமா என்பது நாளை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் சுகமில்லை.

கையால் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. காலையிலிருந்து உங்களுக்கு ஒன்பது முறை போன் செய்தேன். பயிற்சி வகுப்பில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ஆறு மணிக்குமேல்தான் கைக்கு வரும் என்று பெரியவள் சொன்னாள். வளர்ந்த மனிதர்களிடம் போனைப் பிடுங்கி வைக்கும் அந்த நிறுவனத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எனவே நடந்ததையெல்லாம் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்ப உங்கள் அத்தையிடம் கொடுக்கப் போகிறேன். நானே எடுத்தால் என் கட்டைவிரல்தான் விழுகிறது. அவள் இதைப் படிப்பாளோ என்ற பயம் எனக்கு இல்லை. மூன்று நாளாக நான் சொல்வது எதையும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. பக்க எண் போட்டிருக்கிறேன், வரிசை மாறாமல் படிக்கவும்.

திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் அத்தையின் படிப்பு விஷயம் உங்களுக்குத் தெரியும். முதல் தடவை சேர்ந்தபோது பெரியவள் பிறந்தாள், நின்றது. இரண்டாம் தடவை சேர்ந்தபோது என் அம்மா படுக்கையில் விழுந்தார், நின்றது. பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் மற்றவர்கள் பார்ப்பதற்காக மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துத் துடைத்து எடுத்து வைத்தவள், ஓய்வு பெற்ற மறுநாளே மூன்றாம் தடவையாகத் தொலைதூரக் கல்வியில் தாவரவியலுக்குப் பணம் கட்டிவிட்டு வந்து நின்றாள். எல்லாத் தாளும் தேறிவிட்டாள். பாக்கி ஒரே ஒரு ஆய்வறிக்கை. நம் ஊர்ச் சுவர்களில் வளரும் பாசியைப் பற்றி நூற்றெண்பது பக்கம், அறுநூறு புகைப்படம். நாளை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் பதிவே ரத்து, இனிச் சேர்க்க மாட்டார்கள் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். பாசியில் அறுநூறு புகைப்படம் எடுக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அது என் துறை இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவள் பதினோரு பக்கம் அடித்துவிட்டாள். பகல் ஒரு மணிக்குக் கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. மவுஸ் நகரவில்லை. பெட்டிக்குள் ஏதோ கரகரவென்று ஓடியது. பிறகு திரையில் அவள் எழுதிக்கொண்டிருந்த ஜன்னல் மட்டும் பட்டென்று காணாமல் போனது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, அவளுடையது மட்டும் இல்லை. பதினோரு பக்கமும் போயிற்று. அவள் எழுந்து போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் ஏதோ கட்டளையை அடிக்கச் சொன்னீர்கள், அடித்தேன். கடைசி வரியை வாசிக்கச் சொன்னீர்கள், வாசித்தேன். ‘நினைவகம் தீர்ந்தது, இன்ன செயலி கொல்லப்பட்டது’ என்று போட்டிருந்தது. நான் வாசித்ததையே நான் நம்பவில்லை.

“கொல்லப்பட்டதா? யாரு கொன்னது மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“சிஸ்டம்தான் மாமா. ரேம் தீர்ந்துபோச்சுன்னா, எது ரொம்ப இடம் புடிச்சிருக்கோ அதப் பாத்துக் கொன்னுடும். அப்பதான் மத்ததெல்லாம் பிழைக்கும்” என்றீர்கள், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல.

மாப்பிள்ளை, நான் அதிர்ந்து போனேன். இன்னும் அந்த அதிர்ச்சி அடங்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலை செய்த தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். சரக்கு தீர்ந்துபோனால் மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள், மேனேஜர் கத்துவார். அதிகமாகச் சரக்குக் கேட்ட ஃபிட்டர் எவன் என்று பார்த்து அவனைத் தீர்த்துக்கட்டியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு நோட்டீஸ் உண்டா, ஒரு விசாரணை உண்டா, ‘அம்மா, ஒரு நிமிஷத்தில் உன்னைக் கொல்லப் போகிறேன், எழுதியதைச் சேமித்துக்கொள்’ என்று ஒரு வார்த்தை உண்டா? இப்படி ஒரு கொலைகாரனைத்தான் இத்தனை நாளும் கூடத்தில் துணி போட்டு மூடி, தூசு தட்டி வைத்திருக்கிறோம்.

நீங்கள் பொறுமையாகத்தான் விளக்கினீர்கள், அதை மறுக்கவில்லை. ரேம் என்பது மேஜை. ஸ்வாப் என்பது பின்னால் இருக்கும் குடோன். மேஜை நிரம்பினால் இப்போதைக்குத் தேவைப்படாததைக் குடோனில் தள்ளிவிட்டு வேலையைத் தொடரலாம். நம் கம்ப்யூட்டரில் மேஜை நாலு ஜிபி, குடோனே கிடையாது. இது எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. குடோன் இல்லாமல் ஒரு ஸ்டோரை என் வீட்டிலேயே, எனக்குத் தெரியாமலே நடத்தியிருக்கிறீர்கள். மரியாதைக்குறைவாகச் சொல்லவில்லை. மனது தாங்காமல் சொல்கிறேன்.

“எவ்வளவு வைக்கணும் மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“ரேமைப் போல ரெண்டு மடங்குங்கிறது பழைய கணக்கு மாமா. இப்பல்லாம் நாலோ எட்டோ போதும். அது நம்ம உபயோகத்தப் பொறுத்தது” என்றீர்கள். அதற்குள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள், கட்டளைகளை அனுப்பிவிட்டுப் போய்விட்டீர்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தீர்கள். அந்தக் கோடுதான் மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் காரணம்.

செவ்வாய்க்கிழமை விசாரிக்கக் கிளம்பினேன். தெருமுனை மெக்கானிக், “ஸ்வாப்பே வேணாம் சார், ரேமைப் போட்டு விடுங்க, பழைய ரேம் வந்தா சொல்றேன்” என்றான். எப்போது வரும் என்றால் அவனுக்கே தெரியாது. மாடிவீட்டுக் கணக்கு வாத்தியாரை எங்கள் தெருவில் எல்லோரும் தசமப்புள்ளி என்போம். அவரிடம் கேட்டேன். “நாலுக்கு நாலு வைக்கணும். மெஷின தூங்க வைக்கணும்னா மேஜைல இருக்கிற மொத்தத்தையும் உள்ள எடுத்து வைக்கணும் இல்லையா? தேய்மானத்துக்குப் புள்ளி ஒண்ணு சேத்து நாலு புள்ளி ஒண்ணா வைங்க” என்றார். தேய்மானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார். நெட்டில் பார்த்தால், இதே கேள்வியை ஒருவர் பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார், இன்னும் சண்டை ஓயவில்லை. ஒருவர் பூஜ்யம் என்கிறார், ஒருவர் அறுபத்து நாலு என்கிறார், மூன்றாமவர் இருவரையும் முட்டாள் என்கிறார். முதலில் கேட்டவர் என்ன ஆனார் என்று யாருக்கும் கவலை இல்லை. உலகம் முழுக்க ஓடுகிற மெஷினுக்கு எவ்வளவு வைப்பது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை என்றால் இதை எங்கே போய்ச் சொல்வது?

ஆளாளுக்கு ஒன்று சொன்னால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த தொழிலை நம்பினேன். எந்தக் காலத்திலும் குடோன் கடையைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். என் சர்வீஸில் ஒருநாள்கூட இல்லை என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. டிஸ்க் இருநூற்றைம்பது, அதில் காலியாக இருநூற்றுப் பத்து இருந்தது. அந்தக் கோட்டின்மேல் இருநூறு என்று எழுதினேன்.

நீங்கள் முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. சுளியுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று ஏன் முன்பே சொல்லவில்லை? ஒன்றரை மணி நேரம் ஓடியது. என்னதான் உள்ளே அடுக்குகிறது என்று தசமப்புள்ளியிடம் கேட்டேன், “பூஜ்யம்” என்றார். இருநூறு ஜிபி முழுக்கப் பூஜ்யம். காலி குடோனைக் காலி மூட்டையால் நிரப்பி, ரசீதும் போட்டுக்கொடுக்கும் ஒரு நிர்வாகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

புதன்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில், வழக்கம்போல நானும் கொஞ்சம் உட்கார்ந்து செய்தி பார்த்துவிட்டுக் குடோனையும் பார்த்தேன். இருப்பு: இருநூறு. உபயோகம்: பூஜ்யம். பத்து மணிக்குப் பார்த்தேன், பூஜ்யம். பதினொன்றுக்கும் அதே. அவள் ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். “என்னங்க, கொஞ்சம் அந்தாண்ட போங்களேன், பக்கத்துல மூச்சு வாங்குது” என்றாள். என் மனசு அடித்துக்கொண்டது அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

பிற்பகல் கேமராவை மாட்டினாள். கடைசியாக எடுத்த முந்நூறு பாசிப் படத்தை இறக்க வேண்டும். ‘இடம் இல்லை’ என்று வந்தது.

“இடமில்லையா? இருநூறு காலியா இருக்குன்னு காலைலேர்ந்து நீங்கதானே சொல்லிக்கிட்டே இருந்தீங்க? அதுல வைங்க” என்றாள்.

“அதுல வைக்கக் கூடாது. அது ரிசர்வ்” என்றேன்.

“யாருக்கு ரிசர்வு?”

“அவசரத்துக்கு.”

“எனக்கு இப்ப அவசரம் இல்லாம பின்ன என்ன?” என்றாள். குடோன் சட்டம் அப்படி, அதை இரண்டு நிமிஷத்தில் விளக்க முடியாது. அவள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: “இந்த வீட்டுல யாருக்கு எது குறைஞ்சாலும் என் நேரத்துலேர்ந்துதாங்க எடுத்தாங்க. அப்ப ஒருத்தரும் ரிசர்வுன்னு சொல்லல.”

மாப்பிள்ளை, முப்பத்தைந்து வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மெஷின் அவளுடைய பதினோரு பக்கத்தைக் கொன்றபோதுகூட நான் இவ்வளவு அதிரவில்லை. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குடோனில் கை வைக்க மனசு வராமல், மற்ற இடத்தில் எதையாவது கழித்துக்கட்டலாம் என்று பார்த்தேன். பெரிய சரக்காக ஒன்று கிடந்தது. பன்னிரண்டு ஜிபி. பெயருக்குப் பதில் வெறும் எண்தான் இருந்தது, ஆறு வருஷமாக யாரும் தொடவில்லை. ஆறு வருஷம் அசையாத சரக்கைக் கழித்துவிட வேண்டும் என்பது ஸ்டோர் விதி, கழித்துவிட்டேன். அவளுடைய படங்கள் கச்சிதமாக உள்ளே இறங்கின. பிறகுதான் அது உங்கள் கல்யாண வீடியோ என்று தெரிந்தது. பெரியவளிடம் இதை நீங்களே நல்ல நேரம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். உங்களிடம் இன்னொரு பிரதி இருக்கும் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது, கல்யாணம் நடந்தது நடந்ததுதான்.

இனி இன்றைக்கு வருகிறேன். காலையில் அவள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தாள். முடிவுரை ஆறு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். பத்து மணிக்கு நான் குடோனைப் பார்த்தேன். உபயோகம்: இரண்டு. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. நாலு ஆயிற்று, ஏழு ஆயிற்று. பதினோரு மணிக்கு ஒன்பது. நான் தசமப்புள்ளியை மாடிப்படியிலிருந்தே கூப்பிட்டு, “ஒன்பது போயிருச்சு சார், உங்க நாலு புள்ளி ஒண்ண நம்பியிருந்தா இந்நேரம் என்ன கதி?” என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு மணி நேரம்தான். அதன்பிறகு மெஷின் நடக்க முடியாமல் நடக்க ஆரம்பித்தது. அவள் ஓர் எழுத்தைத் தட்டுகிறாள், அது திரையில் வருவதற்குள் நான் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டேன். மவுஸை இப்படி அசைத்தால் அம்பு அப்புறமாக யோசித்து அசைகிறது. பெட்டிக்குள் கரகர சத்தம் நிற்கவே இல்லை. மேஜையிலிருந்து குடோனுக்கும் குடோனிலிருந்து மேஜைக்கும் ஒரே ஆள் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுகிறான், வியாபாரம் மட்டும் நடக்கவில்லை. முன்பு கொன்று தொலைத்தது, இப்போது கொல்லவும் மாட்டேன் என்கிறது, பிழைக்க விடவும் மாட்டேன் என்கிறது. குடோன் பெரிதாக இருந்தால் இப்படி ஒரு கதி வரும் என்று ஒருத்தனாவது சொன்னானா? நீங்களாவது சொன்னீர்களா?

பன்னிரண்டு மணிக்கு ‘சேமி’ பொத்தானை அழுத்தினாள். இப்போது மணி மூன்று பத்து. அது இன்னும் அமுங்கிய நிலையிலேயே இருக்கிறது. காலையிலிருந்து அவள் எழுதிய ஆறு பக்கமும் அந்த மேஜைக்கும் குடோனுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு மூட்டையில் கிடக்கிறது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி போடலாமா என்று கேட்டேன். “பிளக்கைத் தொட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. தயவுசெஞ்சு வெளியில போய் உட்காருங்க” என்றாள். அதனால்தான் முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மாப்பிள்ளை, உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். குடோனுக்குள் போன சரக்கு, கரண்ட் போனால் உள்ளேயே பத்திரமாக இருக்குமா, இல்லை போய்விடுமா? போய்விடும் என்றால் அதை எனக்கு மட்டும் சொல்லுங்கள், அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அப்புறம், எவ்வளவுதான் வைக்க வேண்டும் என்று ஒரே ஓர் எண்ணை எழுதுங்கள். ‘பொறுத்தது’ என்று மட்டும் எழுத வேண்டாம். முப்பத்து மூன்று வருஷம் ஸ்டோர் பார்த்தவன், என் வீட்டுக்காரிக்கு வேண்டிய ஒரே ஒரு சரக்கை வேண்டிய நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியவளுக்கு என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், வேளைக்குச் சாப்பிடவும். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கவும். எல்லாரும் நீண்ட ஆயுளோடும், நிறைய ரேமோடும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. படம் எடுக்கச் சொல்லிப் பக்கங்களை என் கையில் கொடுத்துவிட்டு உங்கள் மாமா நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். நானும் எல்லாவற்றையும் படித்துவிட்டேன், கல்யாண வீடியோ உட்பட. பெரியவளிடம் ஒரு பிரதி இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

ஆய்வறிக்கையை நாலு மணிக்கு அனுப்பிவிட்டேன். கிடைத்தது என்று பதிலும் வந்துவிட்டது. அவரை வெளியே அனுப்பியது அழுவதற்காக இல்லை. எது இவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று நிதானமாகப் பார்ப்பதற்காக. மேஜையிலும் குடோனிலும் சேர்த்து என் அறிக்கையும் திறந்திருந்த படங்களும் பிடித்த இடம் மூன்று ஜிபிகூட இல்லை. மற்றதெல்லாம் கீழே சுருக்கி வைத்த இன்னொரு ஜன்னல். உங்கள் மாமா செய்தி பார்ப்பதாகச் சொல்லும் ஜன்னல் அது. திறந்தால் உள்ளே நூற்றெழுபத்து மூன்று இணையப் பக்கம். ஒன்றையும் மூடவில்லை. திங்கட்கிழமை என்னுடையது செத்ததும் அதனால்தான். அவருடையது தனித்தனியாக ஒவ்வொன்றும் சின்னது, அகப்பட்ட ஒரே பெரியது நான்.

நல்ல கோபத்தில்தான் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தேன். எல்லாம் பாசி, மாப்பிள்ளை. பாசிக்கு வேர் உண்டா, சுவர் காய்ந்தால் அது சாகுமா தூங்குமா, வடக்குச் சுவரில் ஏன் அதிகம். முந்தாநாள் சாப்பிடும்போது நான் வாய்க்குள் முனகிய ஒரு பெயரைக்கூட நாலு விதமாக எழுத்துக்கூட்டித் தேடியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன், இதில் ஒன்றைக்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லாவற்றையும் மூட முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிப் பக்கம் போனதும் மெஷின் எழுந்துகொண்டது, அமுங்கிக் கிடந்த ‘சேமி’யும் வேலையை முடித்து மேலே வந்துவிட்டது.

அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம். குடோன்தான் காப்பாற்றியது என்று நானே சொல்லிவிடுகிறேன், அதுவும் பாதி உண்மைதான், அது இல்லாவிட்டால் இன்றைக்கும் என்னைத்தான் கொன்றிருக்கும். ஸ்வாப்புக்கு மட்டும் எட்டு என்று கண்டிப்பாக எழுதி அனுப்புங்கள். மேல்படிப்புக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறேன், எனக்கு அந்த இடம் வேண்டும்.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நான் மூடவில்லை. ‘மனைவி பரீட்சைக்குப் படிக்கும்போது கணவன் என்ன செய்ய வேண்டும்’ என்று தேடியிருக்கிறார். பத்து யோசனை போட்டிருந்தது. முதலாவது, அவர் பக்கத்தில் போய் நிற்காதீர்கள் என்பது. மனிதர் இரண்டாவதிலிருந்து படித்திருக்கிறார் போலிருக்கிறது.